செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம், 1984: சுட்டவர்கள் எப்படி விமானம் ஏறிப் போனார்கள்?

1984 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை. லண்டனின் நடுவில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் காலையிலேயே போலீஸ் தடுப்புகள் வந்து இறங்கிவிட்டன. அங்கே ஐந்தாம் எண் கட்டடம் லிபியத் தூதரகம். தூதரகம் என்று லிபியா அதைச் சொல்வதில்லை, 'மக்கள் பணியகம்' என்று பெயர் மாற்றி ஐந்து வருடம் ஆகப்போகிறது. லிபியாவை ஆண்ட கடாபியை எதிர்க்கும் லிபியர்கள் சுமார் 75 பேர் எதிர்ப்புறம் கூடி நின்று கோஷம் போட்டார்கள். முந்தின நாள்தான் லிபியத் தலைநகர் திரிப்போலியின் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களைப் பலர் பார்க்கத் தூக்கிலிட்டிருந்தார்கள். கூட்டத்தில் நிறையப் பேர் முகத்தை மூடியிருந்தார்கள், நாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று.

இரு தரப்புக்கும் நடுவில் லண்டன் போலீஸ். அதில் ஒருவர் இவோன் ஃபிளெட்சர், 25 வயதுப் பெண் காவலர். அவர் முகம் ஆர்ப்பாட்டக்காரர்கள் பக்கம், முதுகு பணியகத்தின் பக்கம். காரணம் எளிமையானது: கூட்டம் கட்டடத்தை நோக்கிப் பாய்ந்துவிடாமல் தடுப்பதுதான் அன்றைய வேலை. அதாவது அவர் அங்கே நின்றதே பணியகத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுக்கத்தான். காலை பத்தேகால் தாண்டியதும் முதல் மாடி ஜன்னலிலிருந்து இயந்திரத் துப்பாக்கி வெடித்தது. ஆர்ப்பாட்டக்காரர்கள் 11 பேருக்குக் காயம். ஃபிளெட்சருக்கு முதுகில் குண்டு பாய்ந்தது, அன்றே இறந்துபோனார். அவரைத் திருமணம் செய்துகொள்ள இருந்தவரும் போலீஸ்காரர், அவரும் அதே சதுக்கத்தில் அன்று பணியில் இருந்தார்.

பத்து நாள் கழித்து, கட்டடத்துக்குள் இருந்த 30 பேரும் வெளியே வந்து, பஸ் ஏறி, விமானம் ஏறி லிபியா போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர்கூடக் கைதாகவில்லை.

இந்த இரண்டாவது செய்திதான் அந்த நாட்டையே கொதிக்க வைத்தது. இன்றைக்குப் படித்தாலும் ஆத்திரம் வரும். தூதரக விலக்குரிமை (தூதரக ஆட்கள்மீது உள்ளூர்ச் சட்டம் பாயாது என்ற பாதுகாப்பு) என்றாலே 'கொலை செய்தாலும் கேட்க முடியாதாம்' என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஆனால் ஆவணங்களை ஒழுங்காக வரிசைப்படுத்திப் பார்த்தால் எனக்கு வேறொன்றுதான் தெரிகிறது. பிரிட்டன் கையில் அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்துக்கெல்லாம் ஏப்ரல் 17க்கு முன்புதான் பயன் இருந்தது. துப்பாக்கி வெடித்த பிறகு சட்டத்தில் தேடியபோது கதவைத் திறந்துவிடுவதைத் தவிர பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

சரி, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தம் 1961 ஏப்ரல் 18 அன்று கையெழுத்தானது, 1964இல் நடைமுறைக்கு வந்தது. உலகத்தின் அநேகமாக எல்லா நாடுகளும் இதில் சேர்ந்திருக்கின்றன, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே இல்லாத நாடுகள் உட்பட. இந்த வழக்குக்கு வேண்டிய விதிகள் ஐந்தாறுதான். விதி 22: தூதரகக் கட்டடத்துக்குள் அந்தத் தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் காலடி வைக்கக் கூடாது, சோதனையும் கூடாது. அதே விதியின் இரண்டாம் பத்தி: அந்தக் கட்டடத்தைத் தாக்குதலிலிருந்தும் தொந்தரவிலிருந்தும் காப்பது உள்ளூர் அரசின் சிறப்புக் கடமை. ஃபிளெட்சர் அங்கே நின்றது இந்தப் பத்தியின்படிதான். விதி 27: தூதரகப் பையைத் திறக்கக் கூடாது, நிறுத்தி வைக்கவும் கூடாது. பை என்றால் கைப்பை என்று நினைத்துவிட வேண்டாம், ஒப்பந்தத்தில் அளவு வரம்பே கிடையாது, பெட்டியாகவும் இருக்கலாம், லாரி நிறையவும் இருக்கலாம். விதி 29: தூதரக அதிகாரியைக் கைது செய்யக் கூடாது. விதி 31: அவர்மீது உள்ளூர் நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நடத்த முடியாது.

இந்த விலக்குரிமை அதிகாரியின் சொந்தச் சொத்து இல்லை, அவரை அனுப்பிய நாட்டின் சொத்து. அந்த நாடு நினைத்தால் விதி 32இன்படி அதை விலக்கிக்கொள்ளலாம். 1997இல் வாஷிங்டனில் ஜார்ஜியத் தூதரகத்தின் மூத்த அதிகாரி ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதில் 16 வயதுச் சிறுமி இறந்தாள். ஜார்ஜிய அதிபர் ஷெவர்ட்நாட்சே விலக்குரிமையை எடுத்துவிட்டார், அந்த அதிகாரி அமெரிக்கச் சிறைக்குப் போனார். ஆக, வழி இருக்கிறது. ஆனால் சாவி அனுப்பிய நாட்டின் கையில். அனுப்பிய நாடே துப்பாக்கியின் பின்னால் நிற்கிறது என்றால் அந்தச் சாவியால் என்ன பயன்?

தூதனைத் தொடக் கூடாது என்பது நமக்குப் புதிதில்லை. இலங்கையில் பிடிபட்ட அனுமனைக் கொல்லச் சொன்ன இராவணனிடம் தூதரைக் கொல்வது முறையாகாது என்று வீடணன் தடுத்ததைப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். உயிரோடு விட்டார்கள், அந்தத் தூதன் ஊரையே கொளுத்திவிட்டுப் போனான். நாம் அனுமன் பக்கம் நின்று கேட்பதால் அது நமக்கு உறுத்துவதில்லை. இலங்கைக்காரன் சொன்னால் கதை வேறு மாதிரிதான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 17க்கு வருவோம். இல்லை, அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1979 செப்டம்பரில் கடாபி வெளிநாடுகளில் இருந்த லிபியத் தூதரகங்களை மக்கள் பணியகங்களாக மாற்றச் சொன்னார். தொழில்முறைத் தூதர்கள் போய், 'புரட்சிக் குழு' ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிரிட்டன் இதை முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டது, பழைய தூதரகத்துக்கு இருந்த அந்தஸ்து புதிய பலகைக்கும் தொடர்ந்தது. அடுத்த வருடமே லண்டனில் கடாபியை எதிர்த்த ஒரு பத்திரிகையாளரும் ஒரு வழக்கறிஞரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பணியகத்தின் தலைவராக இருந்த மூசா கூசா, எதிர்ப்பாளர்களைக் கொல்வது தனக்குச் சம்மதமே என்ற தொனியில் ஒரு பத்திரிகைக்குப் பேட்டியே கொடுத்தார். 1980 ஜூனில் அவரை வெளியேற்றினார்கள். (இதே மூசா கூசா பிற்பாடு லிபிய உளவுத்துறைத் தலைவராகி, வெளியுறவு அமைச்சராகி, 2011 மார்ச்சில் கடாபியை விட்டு ஓடி வந்து இறங்கிய இடம் பிரிட்டன்தான்.)

கவனியுங்கள், வெளியேற்றியது அந்த ஒரு மனிதரை. பணியகம் அப்படியே இருந்தது. வியன்னா ஒப்பந்தத்தின் விதி 9 இங்கே மிக முக்கியம். எந்தத் தூதரக அதிகாரியையும் எந்த நேரத்திலும், காரணமே சொல்லாமல், 'வேண்டாதவர்' என்று அறிவித்து ஊருக்கு அனுப்பலாம். 'பெர்சோனா நான் கிராட்டா' என்ற லத்தீன் தொடரைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. நீதிமன்றம் வேண்டாம், சாட்சி வேண்டாம், சந்தேகம் போதும். விலக்குரிமை எவ்வளவு முழுமையானதோ, அதற்கு மாற்றாக இந்த அதிகாரமும் அவ்வளவு முழுமையானது. ஒப்பந்தத்தின் சமநிலையே இதில்தான் நிற்கிறது: உன் ஆளைத் தொட மாட்டேன், ஆனால் பிடிக்காவிட்டால் நாளைக்கே அனுப்பிவிடுவேன்.

1984 பிப்ரவரியில் பணியகத்துக்குள் இன்னொரு மாற்றம். மாணவர்கள் என்று சொல்லிக்கொண்ட புரட்சிக் குழு ஒன்று உள்ளே புகுந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. இப்போது யார் பொறுப்பு, தூதரகத் தலைவர் யார் என்று பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை கேட்டது. ஒழுங்கான பதில் வரவில்லை. தூதரகத் தலைவர் யார் என்றே தெரியாத ஒரு தூதரகம்! அந்த அளவில் நிறுத்தி, 'பெயர் சொல்லும்வரை இந்தக் கட்டடத்தைத் தூதரகமாக நாங்கள் மதிக்கவில்லை' என்றோ, உள்ளே இருப்பவர்களில் அந்தஸ்து இல்லாதவர்களைக் கணக்கெடுத்து வெளியேற்றியோ இருக்கலாம். செய்யவில்லை. மார்ச்சில் லண்டனிலும் மான்செஸ்டரிலும் லிபிய எதிர்ப்பாளர்களைக் குறிவைத்துக் குண்டுகள் வெடித்தன. அப்போதும் சில லிபியர்களை நாடுகடத்தியதோடு சரி.

ஏன் செய்யவில்லை என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. லிபியாவில் எண்ணெய் இருந்தது, ஒப்பந்தப் பணிகள் இருந்தன, ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ்காரர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். லண்டனில் பணியகத்தைத் தொட்டால் திரிப்போலியில் யாரைத் தொடுவார்கள் என்ற கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. தூதரகச் சட்டம் முழுக்க இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை. வேறு எந்தச் சட்டத்துக்கும் பின்னால் போலீஸ் உண்டு, சிறை உண்டு. இதற்குப் பின்னால் இருப்பது 'என் ஆளும் உன் ஊரில் இருக்கிறான்' என்ற பயம் மட்டும்.

ஏப்ரல் 16 நள்ளிரவு தாண்டியதும் பணியகத்திலிருந்து இருவர் வெளியுறவுத் துறைக்கே போய், நாளைய ஆர்ப்பாட்டத்தை நிறுத்துங்கள், நடந்தால் பின்விளைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொன்னார்கள். திரிப்போலியில் பிரிட்டிஷ் தூதர் ஆலிவர் மைல்ஸிடமும் இதே மாதிரி எச்சரிக்கை போனது. அமைதியான ஆர்ப்பாட்டத்தைத் தடை செய்ய இங்கே சட்டம் இல்லை என்பது பிரிட்டனின் பதில். அது நியாயமான பதில்தான். ஆனால் மறுநாள் காலை சதுக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் வழக்கமான ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவர்களைப் போலவே நின்றார்கள். காலையில் தடுப்புகளை வைக்க விடாமல் தகராறு செய்த லிபியர் ஒருவரைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கும் கொண்டுபோயிருந்தார்கள். இவரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வருவார்.

சுட்ட பிறகு நடந்தது முற்றுகை. ஆயுதம் தாங்கிய போலீஸ் சதுக்கத்தைச் சுற்றி வளைத்தது. ஃபிளெட்சரின் தொப்பியும், அவருக்கு உதவ ஓடிய காவலர்களின் நான்கு ஹெல்மெட்டுகளும் நாட்கணக்கில் தெருவிலேயே கிடந்தன. அந்தப் படம் நாள்தோறும் தொலைக்காட்சியில் வந்தது. பிரதமர் மார்கரெட் தாட்சர் போர்ச்சுகலில் இருந்தார், வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் சீனாவில் இருந்தார், உள்துறை அமைச்சர் லியோன் பிரிட்டன்தான் நெருக்கடிக் குழுவை நடத்தினார். திரிப்போலியில் அன்றே பிரிட்டிஷ் தூதரகத்தைச் சுற்றி கடாபியின் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். கணக்கு நேராகிவிட்டது: இங்கே ஒரு கட்டடம், அங்கே ஒரு கட்டடம்.

உள்ளே புகுந்துவிட வேண்டியதுதானே என்று அன்று கேட்காதவர்கள் குறைவு. அப்படிக் கேட்கக் காரணமும் இருந்தது, நான்கு வருடம் முன்பு 1980 மே மாதம் அதே லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் எஸ்.ஏ.எஸ். கமாண்டோக்கள் ஜன்னலை உடைத்துப் புகுந்ததை நாடே நேரலையில் பார்த்திருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஈரான் தூதரகத்தை ஆறு ஆயுததாரிகள் பிடித்து வைத்திருந்தார்கள், பிணையாக இருந்தவர்களில் தூதரக ஊழியர்களே நிறைய, உள்ளே நுழைய ஈரான் அரசின் சம்மதம் இருந்தது. விதி 22 கேட்பது அந்தச் சம்மதத்தைத்தான். லிபியா விஷயத்தில், ஆட்கள் வெளியேறட்டும், போலீஸ் உள்ளே போய் ஆயுதம் தேடட்டும் என்று பிரிட்டன் கேட்டது, லிபியா மறுத்தது.

சம்மதம் இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய குற்றத்துக்கு விதிவிலக்கு இருக்காதா? இல்லை. ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசிக்காமல் விட்டதும் இல்லை. தீப்பிடித்தால், தொற்றுநோய் பரவினால், பேராபத்து என்றால் உள்ளே போகலாமா என்று வரைவு நிலையிலேயே விவாதித்து, வேண்டாம் என்று விட்டார்கள். யார் எது பேராபத்து என்று முடிவு செய்வது என்ற பயம்தான் காரணம். இரண்டு வருடம் கழித்து வந்த துணைத்தூதரகங்களுக்கான 1963 ஒப்பந்தத்தில் தீ விபத்து என்றால் சம்மதம் கொடுத்ததாகக் கொள்ளலாம் என்று சேர்த்தார்கள், தூதரகங்களுக்கு அதுகூடக் கிடையாது. விதி 41 தூதரகக் கட்டடத்தைத் தூதரக வேலைக்கு ஒவ்வாத வகையில் பயன்படுத்தக் கூடாது என்கிறது, லிபியா அதைப் பச்சையாக மீறியது. ஆனால் ஒரு தரப்பு 41ஐ மீறிவிட்டால் மறு தரப்புக்கு 22 ரத்தாகிவிடும் என்று எங்கும் எழுதவில்லை.

இதில் பிரிட்டனைக் கட்டிப்போட்ட இன்னொரு விஷயம், டெஹ்ரான். 1979 நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து 52 பேரை 444 நாள் வைத்திருந்தார்களே, அந்த வழக்கில் 1980 மே 24 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கத் தூதரகம் உளவு வேலை பார்த்தது என்பது ஈரானின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படியே இருந்தாலும் அதற்கு மருந்து தூதரகச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆளை வெளியேற்று, அல்லது உறவை முறி, கட்டடத்தைப் பிடிக்க உனக்கு உரிமை இல்லை என்றது. மேற்கு நாடுகள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடின. நான்கு வருடத்தில் அதே தீர்ப்பு செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் அவர்களையே பார்த்து நின்றது.

ஆகவே பிரிட்டன் புத்தகத்தில் இருந்த மருந்தையே எடுத்தது. ஏப்ரல் 22, ஈஸ்டர் ஞாயிறு, தூதரக உறவு முறிவு அறிவிக்கப்பட்டது. 29 நள்ளிரவுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். விதி 44இன்படி, உறவு முறிந்தாலும், போரே வந்தாலும், தூதரக ஆட்கள் பத்திரமாக நாட்டை விட்டுப் போக வசதி செய்துகொடுப்பது கடமை. 27ஆம் தேதி அந்த 30 பேரும் வெளியே வந்தார்கள். லண்டனுக்கு வெளியே ஓர் அரசுப் பயிற்சிக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விசாரித்துவிட்டு விமானத்தில் ஏற்றினார்கள். திரிப்போலியிலிருந்து பிரிட்டிஷ் தூதரக ஊழியர்களும் கிளம்பினார்கள். கணக்கு இரண்டு பக்கமும் தீர்ந்தது.

அந்த 30 பேரில் எல்லோருக்கும் தூதரக அந்தஸ்து கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தஸ்து இல்லாதவரைத் தெருவில் கண்டால் கைது செய்திருக்கலாம். அவர்களைக் காப்பாற்றியது சுவர், சுவருக்கு வெளியே வந்ததும் காப்பாற்றியது திரிப்போலியில் சிக்கியிருந்த பிரிட்டிஷ்காரர்களின் நிலைமை. தவிர, சுட்டது யார் என்றே தெரியாது. எந்த ஜன்னல் என்று தெரிந்தது, எந்தக் கை என்று தெரியவில்லை. நபருக்கு விலக்குரிமை உண்டா இல்லையா என்ற கேள்விக்கு வழக்கு போய்ச் சேரவே இல்லை. 'கொலையாளியை விலக்குரிமை விடுவித்தது' என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

30ஆம் தேதி, சவூதி அரேபியப் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் போலீஸ் கட்டடத்துக்குள் போனது. கைத்துப்பாக்கிகள், தோட்டாக்கள், சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு எல்லாம் கிடைத்தன. உறவு முறிந்த பிறகும் கட்டடத்தை 'மதித்துக் காக்க வேண்டும்' என்று விதி 45 சொல்வதால் இந்தச் சோதனையே சரியா என்று சிலர் கேட்டார்கள். மதிப்பது வேறு, நுழையவே கூடாது என்பது வேறு என்பது பிரிட்டனின் நிலை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

சுட்ட துப்பாக்கி எங்கே? ஆட்களோடு சேர்ந்து தூதரகப் பைகளும் வெளியே போயின. அவற்றைத் திறக்கவில்லை, ஊடுகதிர்க் கருவியில்கூட வைத்துப் பார்க்கவில்லை. அதற்குள்தான் போயிருக்கும் என்பது பரவலான ஊகம். இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது, இந்த வழக்கிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். லிபியா 1977இல் வியன்னா ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது பை விஷயத்தில் தனக்கென்று ஒரு நிபந்தனை போட்டது: எங்களுக்குச் சந்தேகம் வந்தால், அந்த நாட்டுப் பிரதிநிதி முன்னிலையில் பையைத் திறக்கக் கேட்போம், சம்மதிக்காவிட்டால் பை வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். ஒப்பந்த நிபந்தனைகள் இரு பக்கமும் வெட்டும். லிபியா மற்றவர்களிடம் கேட்கலாம் என்றால், மற்றவர்களும் லிபியாவிடம் அதையே கேட்கலாம். அதாவது லிபியப் பைகளைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்ப லிபியாவே பிரிட்டனுக்கு வழி கொடுத்திருந்தது என்று வாதிட இடமுண்டு. பை உள்ளே வரும்போது இதைப் பயன்படுத்தியிருந்தால் ஆயுதமே வந்திருக்காது. வெளியே போகும்போது பயன்படுத்தினால் அதிகபட்சம் பை 'வந்த இடத்துக்கே' திரும்பும், அது மறுபடி பணியகம்தான்! திரும்பவும் அதே கதை, அதிகாரம் முன்னால் இருக்கிறது, நாம் பின்னால் நிற்கிறோம்.

பையைப் பற்றிச் சொல்லும்போது அதே வருடம் ஜூலை 5 அன்று நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நைஜீரியாவின் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் உமாரு டிக்கோவை லண்டனில் வீட்டு வாசலிலேயே வைத்து வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவருடைய செயலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குச் சொன்னார். சில மணி நேரம் கழித்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நைஜீரிய வெளியுறவு அமைச்சகத்துக்கு என்று முகவரி எழுதிய இரண்டு பெரிய மரப்பெட்டிகள். சுங்க அதிகாரிகளுக்குச் சந்தேகம். ஏப்ரல் சம்பவம் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, யாருக்கும் தூதரகப் பையில் கை வைக்கத் துணிச்சல் வராத நேரம். ஆனால் பெட்டிகளில் தூதரகப் பைக்கு உரிய முத்திரையோ ஆவணமோ ஒழுங்காக இல்லை. விதி 27இன்படி வெளியே அடையாளம் இருந்தால்தான் அது தூதரகப் பை. திறந்தார்கள். ஒன்றில் டிக்கோ மயக்க நிலையில், பக்கத்தில் அவரை மயக்கத்திலேயே வைத்திருக்க ஒரு மருத்துவர். மற்றதில் இன்னும் இருவர். நான்கு பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பெட்டியில் முத்திரை ஒழுங்காக இருந்திருந்தால்? அப்போதும் திறந்திருப்போம், உயிரைக் காப்பாற்றும் கடமை மேலானது என்று பிரிட்டன் பிற்பாடு சொன்னது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால் எந்த நாடும் வாய் திறந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆளைப் பெட்டியில் அடைத்து அனுப்பிய நைஜீரியா உட்பட.

இரண்டு சம்பவங்களுக்கும் பிறகு நாடாளுமன்ற வெளியுறவுக் குழு விசாரித்து 1984 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது, அரசு 1985 ஏப்ரலில் பதில் வெளியிட்டது. ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை பலமாக இருந்தது. அரசு மறுத்துவிட்டது. அத்தனை நாடுகளையும் சம்மதிக்க வைப்பது நடக்காத காரியம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, விலக்குரிமையை லண்டனில் குறைத்தால் அதே வெட்டு ஆபத்தான ஊர்களில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டிஷ் தூதர்கள்மேல்தான் முதலில் விழும் என்பது. அதற்குப் பதிலாக, இருக்கிற அதிகாரங்களைக் கறாராகப் பயன்படுத்தப் போவதாகச் சொன்னார்கள்: தூதரக ஊழியர் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு, கடும் குற்றம் செய்தால் உடனே வெளியேற்றம், வாகன நிறுத்த அபராதத்தைக் கட்டாமல் திரிகிறவர்கள்மீதும் நடவடிக்கை. அதாவது ஏப்ரல் 17க்கு முன் செய்திருக்க வேண்டிய பட்டியல்.

1987இல் ஒரு புதிய சட்டமும் வந்தது. எந்தக் கட்டடம் தூதரகம் என்பதற்கு இனி அரசின் சம்மதம் வேண்டும், தவறாகப் பயன்படுத்தினால் அந்த அந்தஸ்தை அரசு பறிக்கலாம், சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டு. இயந்திரத் துப்பாக்கியை மனதில் வைத்து எழுதிய சட்டம் எங்கே பயன்பட்டது தெரியுமா? கைவிடப்பட்டு, வீடில்லாதவர்கள் குடியேறியிருந்த பழைய கம்போடியத் தூதரகக் கட்டடத்தில். அப்புறம் 2012 ஆகஸ்டில், ஈக்வடார் தூதரகத்துக்குள் தஞ்சம் புகுந்த விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சை வெளியே கொண்டுவர இந்தச் சட்டம் இருக்கிறது என்று பிரிட்டன் ஈக்வடாருக்கு நினைவூட்ட, மிரட்டுகிறார்கள் என்று லத்தீன் அமெரிக்காவே கொந்தளித்தது. பிரிட்டன் பின்வாங்கியது. போலீஸ் உள்ளே போனது 2019 ஏப்ரல் 11 அன்று, ஈக்வடாரே கூப்பிட்ட பிறகு. தஞ்சம் கேட்டு வந்தவரையும் சுட்டவரையும் ஒரே சுவர் காக்கிறது, ஆளுக்கேற்ற மாதிரி சுவரை மாற்ற முடிவதில்லை.

லிபியா 1999இல் பொதுவான பொறுப்பை ஏற்று, ஃபிளெட்சரின் குடும்பத்துக்கு 2,50,000 பவுண்டு கொடுத்தது. அதோடு உறவு திரும்ப ஒட்டியது. சுட்டவர் பெயர் வரவில்லை.

இப்போது அந்தக் காலைக் கைதி. தடுப்பு வைக்க விடாமல் தகராறு செய்து பிடிபட்டவர், துப்பாக்கி வெடித்தபோது காவலில் இருந்தவர். அப்போது நாடுகடத்தப்பட்டார், பல வருடம் கழித்து பிரிட்டனுக்கே திரும்பி வந்து வாழ்ந்தார். 2015 நவம்பரில் கொலைச் சதி சந்தேகத்தில் அவரைக் கைது செய்தார்கள். 2017இல் வழக்கைக் கைவிட்டார்கள். இந்த முறை விலக்குரிமை குறுக்கே வரவில்லை, தேசப் பாதுகாப்பு காரணமாக முக்கிய ஆதாரங்களை நீதிமன்றத்தில் காட்ட முடியாது என்றார்கள், அதாவது தடுத்தது பிரிட்டனின் சொந்த ரகசியம். ஃபிளெட்சரோடு அன்று பணியில் இருந்த போலீஸ்காரர் ஒருவர், இறந்துகொண்டிருந்தவரிடம் கண்டுபிடித்தே தீருவேன் என்று வாக்குக் கொடுத்தவர், விடவில்லை. அந்தப் பழைய கைதிமீது சிவில் வழக்குப் போட்டார். 2021 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், அந்த மனிதர் சுடவில்லை என்றாலும் சுடும் திட்டத்தில் பங்கு இருந்தது, கூட்டாகப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பிரதிவாதி அப்போது லிபியாவில் இருந்தார். வழக்குத் தொடுத்தவர் கேட்டிருந்த இழப்பீடு ஒரு பவுண்டு.